தற்குறியும் உடற்குறியும்: ஆளறி முறையின் வரலாறு

ஒருவர் தம்மை இன்னார் என்று கூறுங்கால் அக்கூற்று மெய்யே எனப் பிறர் தெளிவது எங்ஙனம்? ஓர் ஊரார் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த காலத்தில் இவ்வினா எழவில்லை. ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவனிடத்தும், வழக்காடு மன்றத்திலும், வரி தண்டுவோர் முன்னிலையிலுமே இஃது எழுந்தது. தமிழ்ப் புலவர்கள் இவ்வினாவை அறியாதாரல்லர். கம்பராமாயணத்துக் கிட்கிந்தா காண்டத்தில், சீதையைத் தேடிப் புறப்படும் அனுமனிடம் இராமன் மூன்று வகை அடையாளங்களை அளிக்கின்றான். முதற்கண் சீதையின் உறுப்பு நலன்களை அடிமுதல் முடிவரை எடுத்துரைக்கின்றான். அடுத்துத் தம் இருவர்க்கு மட்டுமே தெரிந்த நிகழ்ச்சிகளைச் சொல்லி விடுக்கின்றான். இறுதியாகக் கணையாழியைக் கொடுக்கின்றான். இக்காலத்துப் பாதுகாப்பு நூலார், ஆளறி முறைகளை ஒருவர் அறிந்தது, ஒருவர் வைத்திருப்பது, ஒருவரது உடலே ஆவது என மூன்றாகப் பகுப்பர். மறைமொழி முதல்வகை, திறவுகோலும் அட்டையும் இரண்டாம் வகை, விரல், விழி, முகம் என்பன மூன்றாம் வகை. இம்மூன்றும் நாடவிட்ட படலத்தில் ஒருங்கே நிற்றல் காணலாம்.

ஆயினும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. அனுமன் தன்னைத் தூதன் என்று மெய்ப்பிக்கப் பயன்பட்டவை நிகழ்ச்சியும் கணையாழியுமே. உறுப்பு நலன் சீதையைக் கண்டறிதற்கே பயன்பட்டது. அஃதாவது, உடற்குறி தேடுவோனுக்கு உரிய கருவியாயிற்றேயன்றித் தன்னை நிலைநாட்டுவோனுக்கு உரிய சான்றாயிற்றில்லை. உடலையே சான்றாக்கும் முறை மிகப் பிற்பட்டது. அது தோன்றிய வரலாற்றையும், இன்று முகத்தைக் கணிப்பொறி கொண்டு அறியும் துறையில் அது வந்து நிற்கும் நிலையையும் ஆராய்தலே ஈண்டு நம் நோக்கம். துறை அறிவியலுடையதாயினும், சான்று என்னும் பொருள்பற்றியதாகலின் மொழி, இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கும் இதில் பங்குண்டு எனக் கருதுகின்றோம்.

தமிழ்நாட்டு ஆவண வழக்கிலிருந்து ஒரு சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். ‘தற்குறி’ என்பது தன் + குறி எனப் பிரிந்து, ஒருவன் தானே இடும் குறியைச் சுட்டும். எழுத்தறியாதான் கையொப்பத்துக்கு ஈடாக இடும் கீறலுக்கு அது பெயராயிற்று. பின்னர் அக்கீறலை இடுவானுக்கே பெயராகி, இன்று எழுத்தறிவற்றவன் என இழித்துரைக்கும் சொல்லாய் இழிந்தது. ‘கைநாட்டு’ என்பதற்கும் இதே கதி நேர்ந்துளது. கல்வெட்டுக்களில் ‘தற்குறிமாட்டெறிதல்’ என்றொரு தொடர் பயில்கின்றது. எழுத்தறியாதான் இட்ட குறி அவனுடையதே என எழுத்தறிந்த மற்றொருவன் சான்றளித்தல் என்பது இதன் பொருள். இத்தொடரைக் கல்வெட்டுப் பயில்வோர் பலரும் ஓர் அருஞ்சொல்லாகக் குறித்துவிட்டு அகன்றுவிடுகின்றனர். ஆனால் ஆளறி முறையின் வரலாற்றில் இதனினும் தெளிவான ஆதாரம் எளிதில் கிடைப்பதன்று. குறி தனித்து நில்லாது. அதற்குப் பின்னே ஒரு மனிதன் நிற்றல் வேண்டும். அம்மனிதனது பெயரும் ஆவணத்தில் ஏறுதல் வேண்டும். பொய் வெளிப்படின் அவனும் பொறுப்பாவான். இதுவே பழைய முறையின் உயிர்நிலை.

இம்முறை உடைந்த இடம் வங்காளம். கி.பி. 1858-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜங்கிப்பூரில் ஆட்சி அலுவலராயிருந்த வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல், சாலைக்கு வேண்டிய சரளை வழங்குமாறு ராஜ்யதர் கோனாய் என்னும் உள்ளூர் ஒப்பந்தக்காரரோடு ஓர் உடன்படிக்கை செய்தார். உடன்படிக்கை கோனாயின் கையாலேயே எழுதப்பட்டது. கையொப்பமிடும் நேரத்தில் ஹெர்ஷல் அவரது உள்ளங்கையிலும் விரல்களிலும் அலுவலக முத்திரைக்குரிய எண்ணெய் மையைத் தடவித் தாளின் பின்புறத்தில் அழுத்தச் செய்தார். பின்னாளில் தம் கையெழுத்தை மறுக்கும் எண்ணம் அவருக்கு எழாதவாறு அச்சுறுத்துவதே தம் கருத்து என ஹெர்ஷலே 1916-இல் வெளியிட்ட சிறுநூலில் ஒப்புகின்றார். கைரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதை அவர் அன்று அறிந்திலர். ஆகவே, உலகெங்கும் பரவிய இம்முறையின் பிறப்பு ஓர் அறிவியற் கண்டுபிடிப்பன்று. ஆளப்படுவோர் சொல்லை நம்பாத ஆட்சியின் ஓர் உத்தியே. கோனாய் எழுதத் தெரிந்தவர் என்பதும் நினைவில் இருத்தற்குரியது. எழுதத் தெரியாதானுக்கு ஈடாக அன்று, எழுதத் தெரிந்தானையும் நம்பாமையினாலேயே அவ்வச்சு எடுக்கப்பட்டது.

பின்னர் 1860-இல் நதியா மாவட்டத்தில் ஹெர்ஷல் நடுவராயிருந்த காலம் அவுரிக் கலகக் காலமாகும். அவுரித் தோட்டத்தார்க்கும் குடியானவர்க்கும் இடையே பொய்யாவண வழக்குகள் மலிந்திருந்தன. விரலச்சின் பயனை அவர் அங்கே மேலும் உணர்ந்தார். 1877-இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறைப்பட்டோர் ஆகிய மூவகையாரிடத்தும் அதனை நடைமுறைப்படுத்தினார். ஓய்வூதியக்காரர் இறந்த பின்னும் அவர் பெயரால் பிறர் பணம் பெற்று வந்த கேட்டினை இது தடுத்தது. அவ்வாண்டிலேயே இதனைப் பிற இடங்கட்கும் விரிக்குமாறு வங்காளச் சிறைத்துறைத் தலைவர்க்கு அவர் எழுதிய மடல் பயன் தரவில்லை.

1880-இல் டோக்கியோவில் மருத்துவத் தொண்டு புரிந்த ஸ்காட்லாந்தினரான ஹென்றி ஃபால்ட்ஸ் என்பார், பழைய மட்பாண்டங்களிற் பதிந்திருந்த விரற்சுவடுகளால் தூண்டப்பெற்று, ‘நேச்சர்’ இதழில் இப்பொருள்பற்றி ஒரு மடல் வெளியிட்டார். குற்றம் நிகழ்ந்த இடத்தில் விடப்பட்ட சுவட்டைக் கொண்டு குற்றவாளியைக் கண்டறியலாம் என்னும் கருத்தை அதிற் குறித்தார். அடுத்த திங்களே ஹெர்ஷல் தம் வங்காளப் பட்டறிவை அதே இதழில் எழுதினார். இருவருள் முந்தியவர் யார் என்னும் பூசல் இருவர் வாழ்நாளிலும் ஓயவில்லை. அப்பூசலில் நாம் நேரம் செலவிட வேண்டுவதில்லை. முதலில் அச்சிட்டு வெளியிட்டவர் ஃபால்ட்ஸ், முதலில் ஆட்சியிற் பயன்படுத்தியவர் ஹெர்ஷல் எனக் கொள்வதே பொருந்தும்.

இதற்கிடையே பாரிசு நகரக் காவல்துறையில் எழுத்தராயிருந்த அல்போன்சு பெர்ட்டிலான் வேறொரு வழி கண்டார். உயரம், விரித்த கைகளின் அகலம், தலையின் நீளமும் அகலமும், வலக்காதின் நீளம், இடக்கால் நீளம் முதலிய பதினோரளவுகளை எடுத்துச் சீட்டுக்களில் எழுதி வகைப்படுத்தினால், முன்னர்ச் சிறை சென்றவன் பெயர் மாற்றிக்கொண்டு வரினும் அவனைக் கண்டுகொள்ளலாம் என்றார். 1883-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் இம்முறையால் முதல் ஆள் பிடிபட்டான். முன்புறமும் பக்கமுமாக ஒரே அளவில் இரு ஒளிப்படங்கள் எடுக்கும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தியவரும் இவரே. மூக்கு, காது, நெற்றி ஆகியவற்றை வரையறுத்த சொற்களால் எழுதும் ‘சொல்லோவியம்’ ஒன்றையும் அவர் வகுத்தார். கேசாதிபாதமும் பாதாதிகேசமும் பயின்ற நமக்கு இம்முறை முற்றும் புதிதாய்த் தோன்றாது. வேறுபாடு யாதெனின், புலவர் எல்லா மகளிர்க்கும் பொதுவான உவமையைத் தேடினர். பெர்ட்டிலான் ஒருவனைப் பிறரினின்று பிரிக்கும் சொல்லைத் தேடினார். இலக்கியத்து உறுப்பு வருணனையைக் கொண்டு எவரையும் அடையாளம் காணவியலாமைக்குக் காரணம் இதுவே.

பெர்ட்டிலான் முறையின் குறை அளப்போர் கையில் இருந்தது. ஒரே ஆளை இருவர் அளந்தால் இரு வேறு எண்கள் வந்தன. வளரும் இளைஞரிடத்து அது பயன்படவில்லை. 1891-இல் வங்காளக் காவல்துறைத் தலைமையை ஏற்ற எட்வர்டு ஹென்றி முதலில் இம்முறையையே மேற்கொண்டு, பின்பு விரலச்சின் பக்கம் திரும்பினார். 1892-இல் பிரான்சிசு கால்ட்டன் ‘விரலச்சுக்கள்’ என்னும் நூலை வெளியிட்டிருந்தார். வில், கண்ணி, சுழி என விரற்கோடுகளை மூவகைப்படுத்தியதோடு, இருவர் விரலச்சு முற்றும் ஒத்திருத்தற்குரிய வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று எனவும் அவர் கணித்தார். அவ்வாண்டிலேயே அர்செந்தீனா நாட்டில் ஹுவான் வுசெட்டிச்சு வகுத்த முறையால், கதவிற் பதிந்த குருதிச் சுவடு கொண்டு ஒரு கொலை வழக்குத் தெளிவாயிற்று.

எனினும் ஒரு பெருந்தடை எஞ்சியிருந்தது. பல்லாயிரம் சீட்டுக்கள் குவிந்துள்ள அறையில், கையிலுள்ள ஓர் அச்சுக்கு இணையானதைத் தேடி எடுப்பது எப்படி? அகராதியிற் சொல்லைத் தேடுவோர்க்கு எழுத்துமுறை உண்டு. விரலச்சுக்கு எழுத்துமுறை யாது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் இருவர்: கல்கத்தா மாநிலக் கல்லூரியிற் கணிதம் பயின்று ஹென்றியின்கீழ்ப் பணியேற்ற காஜி அஜீஸுல் ஹக், அவருடன் பணிபுரிந்த ஹேமச் சந்திர போஸ். அவர்கள் கண்ட முறையின் நுட்பம் விரித்துரைக்கத் தக்கது.

வலக்கைப் பெருவிரல் தொடங்கி இடக்கைச் சிறுவிரல்வரை பத்து விரல்களையும் வரிசைப்படுத்தி, இரண்டிரண்டாக ஐந்து இணைகளாக்குவர். முதல் இணைக்கு 16, இரண்டாவதற்கு 8, மூன்றாவதற்கு 4, நான்காவதற்கு 2, ஐந்தாவதற்கு 1 என மதிப்பு உண்டு. ஒரு விரலிற் சுழி இருப்பின் அவ்விணையின் மதிப்பு அதற்குக் கிடைக்கும்; வில்லோ கண்ணியோ இருப்பின் ஒன்றும் கிடையாது. ஒவ்வோர் இணையிலும் இரண்டாம் விரல்கள் பெற்ற மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்து மேலே எழுதுவர். முதல் விரல்கள் பெற்றதைக் கூட்டி ஒன்று சேர்த்துக் கீழே எழுதுவர். ஒருவனுக்கு வலக்கைச் சுட்டுவிரலிலும் இடக்கைப் பெருவிரலிலும் மட்டும் சுழி உண்டெனின், மேலே 16 + 4 + 1 = 21; கீழே 1. அவன் சீட்டு 21/1 என்னும் அறையில் வைக்கப்படும். மேலே 32, கீழே 32 ஆக 1,024 அறைகள். சுழி உண்டு, இல்லை என்னும் இரண்டே விடைகளைக் கொண்டு எண் ஆக்கும் இம்முறை, பிற்காலத்துக் கணிப்பொறிகள் கைக்கொண்ட இருமக் கணக்கே ஆகும். மரப்பெட்டி அறைகளில் அது முன்னரே நடந்திருக்கின்றது.

1897-இல் இம்முறையை ஆராய்ந்த இருவர் குழு இதனைப் பரிந்துரைக்க, இந்திய அரசு ஏற்றுக் கல்கத்தாவில் விரலச்சுப் பணியகம் நிறுவிற்று. 1900-இல் ஹென்றி வெளியிட்ட நூல் வாயிலாக இது ‘ஹென்றி முறை’ என உலகெங்கும் பெயர் பெற்றது. 1901-இல் இலண்டன் காவல்துறையும் இதனை மேற்கொண்டது. ஹக்குக்குக் கான்பகதூர் பட்டமும் போஸுக்கு ராய்பகதூர் பட்டமும் பின்னாளிற் கிடைத்தன. முறையை நிறைவாக்குவதில் தம் பணியாளருள் ஹக்கின் பங்கே மிகுதி என 1926-இல் ஹென்றி எழுத்தில் ஒப்புக்கொண்டதாகவும் சான்று உண்டு. எனினும் பாடநூல்களிற் பெயர் மாறவில்லை. உரையாசிரியர் பெயர் மறைந்து உரை மட்டும் வழங்கும் நூல்களை நாம் அறிவோம். ஈண்டு உரையின்மேல் வேறொருவர் பெயரே ஏறிவிட்டது. ‘ஹக்-போஸ் முறை’ என வழங்குதலே நேர்மை என்பது நம் கருத்து.

1898-இல் ஜல்பாய்குரித் தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை வழக்கில், வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றிற் படிந்திருந்த குருதி கலந்த பெருவிரற் சுவடு, முன்னொருகாற் களவுக்காகத் தண்டனை பெற்ற பழைய ஏவலாளனுடையது எனக் கண்டனர். நீதிமன்றம் அவனைக் களவுக் குற்றத்துக்கு மட்டுமே தண்டித்தது. கொலைக் குற்றத்தை ஏற்கவில்லை. இத்தீர்ப்பின் நுட்பம் போற்றத்தக்கது. சுவடு, அவன் அப்பஞ்சாங்கத்தைத் தொட்டான் என்பதைக் காட்டும். கொன்றான் என்பதைக் காட்டாது. உடற்குறி எதற்குச் சான்று, எதற்குச் சான்றாகாது என்னும் வரையறை முதல் வழக்கிலேயே நீதிபதிகளுக்குத் தெளிவாயிருந்தது. 1899-இல் இந்தியச் சான்றுச் சட்டம் திருத்தப்பட்டு விரலச்சு வல்லுநர் கருத்து ஏற்கத்தக்கதாயிற்று.

வங்காளத்திலிருந்து இம்முறை சென்ற வழிகளுள் ஒன்று தமிழர் வரலாற்றோடு தொடர்புடையது. 1900-இல் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு அங்குக் காவல்துறையை ஒழுங்குபடுத்தினார். 1906-இல் டிரான்ஸ்வாலில் ஆசிய மக்கள் யாவரும் விரலச்சுப் பதிந்து சான்றிதழ் பெறுதல் வேண்டும் என ஓர் ஆணை வந்தது. 1907-இல் அது சட்டமாயிற்று. குற்றவாளிகட்கு உரியதாயிருந்த பத்துவிரற் பதிவு, குற்றமொன்றும் புரியாத ஓர் இனத்தார் அனைவர்க்கும் உரியதாயிற்று. காந்தியடிகள் தலைமையில் எழுந்த சத்தியாக்கிரகத்தில் தமிழர் பங்கு பெரிது. மொரீசியசில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு அதன் முன்னணியில் நின்றார். 1908 ஜனவரியில் ஸ்மட்சுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தாமே முன்வந்து விரலச்சுத் தரலாம் எனக் காந்தியடிகள் இசைந்தபோது இயக்கத்தினுள்ளேயே பிளவு தோன்றிற்று. பிப்பிரவரி 10-ஆம் நாள் பதிவு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் அவர் தாக்கப்பட்டார். உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். அரசு வாக்குத் தவறியதாகக் கொண்டு, ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கு ஹமீதியா மசூதித் திடலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில், சிறையிலிருந்து வெளிவந்த சில நாட்களில் நாகப்பன் என்னும் இளைஞர் உயிர் நீத்தார். இவர்கள் எதிர்த்தது விரலில் மை படிவதையன்று, கேட்கப்படும் முறையைத்தான். கட்டளையால் எடுக்கப்படுவதும் இசைவாற் கொடுக்கப்படுவதும் தாளிற் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் எனினும் வேறு வேறு என்பதே அன்றைய வழக்கின் சாரம்.

இனி முகத்துக்கு வருவோம். முகம் எளிதில் அறியப்படுவது. ஆகவே எளிதில் ஏமாற்றுவது. மணிமேகலை காயசண்டிகையின் வடிவு கொண்டு நிற்க, பன்னீராண்டு கழித்துத் திரும்பிய அவள் கணவன் காஞ்சனன் அவ்வடிவையே தன் மனைவி எனக் கொண்டான். அவளோடு உரையாடிய உதயகுமரனை ஐயுற்று வாளால் வீழ்த்தினான். வடிவம் பொருந்திற்று, ஆள் பொருந்தவில்லை, ஓர் உயிர் போயிற்று. ஒப்புமைக்கும் ஒருமைக்கும் உள்ள வேறுபாட்டைச் சாத்தனார் ஒரு கொலையால் உணர்த்தியுள்ளார்.

கணிப்பொறிக்கு முகத்தைக் கற்பிக்கும் முயற்சி 1960-களில் அமெரிக்காவில் உட்ரோ பிளெட்ஸோவினால் தொடங்கிற்று. கலிபோர்னியாவில் தம் நண்பர்களுடன் நிறுவிய சிறு நிறுவனத்தில் 1964, 1965-ஆம் ஆண்டுகளில் அவர் இதனை நடத்தினார். ஒளிப்படத்தைத் தட்டொன்றின்மீது வைத்து, கண்மணி, கண்முனை, வாயின் ஓரம் முதலிய புள்ளிகளை ஒருவர் எழுதுகோலால் குறிப்பார். அவற்றினின்று இருபது தொலைவுகளைக் கணிப்பொறி எடுத்து ஒப்பிடும். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ நாற்பது படங்களே முடிந்தன. பெர்ட்டிலானின் அளவுகோல் முகத்துக்குள் புகுந்த கதை இது. தலை திரும்பினாலும் ஒளி மாறினாலும் முகக்குறிப்பு வேறுபட்டாலும் அகவை ஏறினாலும் அளவுகள் பிறழ்கின்றன என்பதை அவரே கண்டு எழுதினார். அதன்பின் அறுபதாண்டு ஆராய்ச்சியும் பெரும்பாலும் இந்நான்கு இடர்களோடு நிகழ்ந்த போராட்டமே எனலாம்.

1973-இல் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் டக்கியோ கனாடே அளித்த ஆய்வேடு, புள்ளிகளை மனிதர் குறியாமற் கணிப்பொறியே கண்டெடுக்கும் வழியைக் காட்டிற்று. உறுப்புக்களை அளக்கும் போக்கு இத்துடன் ஒருவாறு முடிகின்றது. 1987-இல் சிரோவிச்சு, கிர்பி என்போரும், 1991-இல் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்து டர்க், பெண்ட்லண்டு என்போரும் வேறு நெறி வகுத்தனர். பல முகப் படங்களைக் கூட்டி ஒரு சராசரி முகத்தை ஆக்குவர். அதினின்று முகங்கள் விலகும் தலையாய வழிகளைக் கணிப்பர். எந்த முகத்தையும் ‘சராசரியோடு இவ்வழியில் இவ்வளவு, அவ்வழியில் அவ்வளவு’ எனச் சில பத்து எண்களால் எழுதிவிடலாம். இங்கே மூக்கு இல்லை, கண் இல்லை, விலகலே உண்டு. ஒருவனை அவன் உறுப்பால் அறிதல் போய், பிறரினின்று அவன் வேறுபடும் அளவால் அறிதல் வந்தது. கேம்பிரிட்ஜில் ஜான் டாக்மன் 1990-களின் தொடக்கத்தில் கருவிழியின் வண்ணவளையத்தை எண்தொடராக்கினார். அது தனித்து விரியும் பொருளாகலின் ஈண்டு விடுத்தோம்.

2007-இல் மாசசூசெட்சுப் பல்கலைக்கழகத்தார் 5,749 பேருடைய 13,233 படங்களைத் தொகுத்து வெளியிட்டனர். ஆய்வாளர் அனைவரும் தம் முறைகளை ஒரே தொகுப்பில் உரைத்துப் பார்க்க இஃது உரைகல்லாயிற்று. 2014-இல் பேஸ்புக்கு நிறுவனத்தார் பன்னடுக்கு நரம்புவலை முறையால் அதில் 97.35 விழுக்காடு சரியான விடை பெற்றனர். மனிதர் பெற்றது 97.53. அடுத்த ஆண்டு கூகிள் நிறுவனத்தார் 99.63-ஐ எட்டினர். இவ்வெண்கள் இதழ்களில் முழங்கின. ஆனால் அத்தொகுப்பு பெரும்பாலும் செய்திகளில் இடம்பெற்ற புகழ் பெற்றோர் படங்களால் ஆயது. ஒரு சுவடியின் பாடபேதத்தைக் கொண்டு அனைத்துச் சுவடிகட்கும் முடிவு கூறுவது எத்தகையதோ, அத்தகையதே இவ்விழுக்காடு கொண்டு உலக மக்கள் அனைவர்க்கும் முடிவு கூறுவதும்.

மேலும், இத்துறையில் இரு வேறு வினாக்கள் ஒரே பெயரால் வழங்குகின்றன. ‘இவர் தாம் கூறும் ஆள்தாமா?’ என்பது ஒன்று. ஒரு முகத்தை ஒரு பதிவோடு ஒப்பிட்டால் போதும். ‘இவர் யார்?’ என்பது மற்றொன்று. ஒரு முகத்தைப் பதிவுகள் அனைத்தோடும் ஒப்பிட வேண்டும். ஓர் ஒப்பீட்டில் இலட்சத்துக்கு ஒருமுறை மட்டும் பிறரைத் தவறாகப் பொருத்தும் கருவியைக் கொள்வோம். முதல் வினாவுக்கு அது மிக நல்ல கருவி. பத்து இலட்சம் படங்களிடையே அதுகொண்டு தேடினாலோ, தொடர்பற்ற பத்துப் பேரைப் பொருந்துவதாகக் காட்டக்கூடும். குற்றவாளி அத்தொகுப்பிலேயே இல்லாதபோதும் காட்டும். பொருத்தத்தின் எல்லையை இறுக்கினால் உரியவரே தள்ளப்படுவர். தளர்த்தினால் அயலார் நுழைவர். எல்லையை எங்கே வைப்பது என்பது அறிவியலார் மட்டும் தீர்மானிக்கும் செய்தியன்று. தவற்றின் சுமை யார் தலையில் விழவேண்டும் என்னும் தீர்ப்பு அது.

அச்சுமை அனைவர்மீதும் ஒப்ப விழவில்லை என்பது 2018-இல் வெளிப்பட்டது. ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் இருவர், முகம் கண்டு ஆண் பெண் எனப் பகுக்கும் மூன்று வணிகக் கருவிகளை ஆராய்ந்தனர். வெண்ணிற ஆடவரிடத்துப் பிழை 0.8 விழுக்காட்டுக்கு மேற்படவில்லை. கருநிற மகளிரிடத்து அது 34.7 விழுக்காடுவரை சென்றது. 2019 இறுதியில் அமெரிக்க நாட்டுத் தர அளவைக் கழகம் வெளியிட்ட அறிக்கை, ஆளறியும் கருவிகள் பலவற்றிலும் தவறான பொருத்தம் சில இனத்தாரிடைப் பத்து மடங்கு முதல் நூறு மடங்குவரை மிகுதல் உண்டு எனக் காட்டிற்று. 2020 ஜனவரியில், டெட்ராய்ட்டு நகரக் கடைக் களவொன்றின் மங்கலான படத்தைக் கணிப்பொறி தவறாகப் பொருத்தியதனால், கருப்பின ஆடவர் ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் மனைவி மக்கள் காணக் கைது செய்யப்பட்டார். 2024-இல் ஏற்பட்ட இணக்கத்தில், முகப்பொருத்தம் ஒன்றை மட்டுமே கொண்டு எவரையும் கைது செய்வதில்லை என அந்நகரக் காவல்துறை ஒப்பிற்று. ஜல்பாய்குரி நீதிமன்றம் 1898-இல் கண்ட வரையறைக்கு இவர்கள் வந்துசேர நூற்றிருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

இந்தியாவில் இவ்வரலாறு ஒரு பெருஞ்சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே மீண்டது எனலாம். 2009-இல் தனி அடையாள ஆணையம் அமைந்தது; 2010 செப்டம்பர் 29-ஆம் நாள் மகாராட்டிரத்துத் தெம்ப்லி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பத்து விரல், இரு விழி, ஒரு முகம் ஆகிய மூன்றும் நூறு கோடிக்கு மேற்பட்டோரிடத்துப் பதிவாகியுள்ளன. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தன்மறைவை அடிப்படை உரிமை என்றது. 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் ஐவர் அமர்வில் நால்வர் ஆதார்ச் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றனர். நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். கருவி பொருந்தாமையால் உரியவர்க்குப் பயன் மறுக்கப்படலாகாது என்பதையும் அத்தீர்ப்பு வலியுறுத்திற்று. 2022-இல் 1920-ஆம் ஆண்டின் சிறைப்பட்டோர் அடையாளச் சட்டம் நீக்கப்பட்டு, விழிப்படிவும் அடங்கிய விரிந்த சட்டம் இடம்பெற்றது.

கருவி பொருந்தாதார் எவர்? செங்கல்லும் சுண்ணமும் எடுத்துக் கோடு தேய்ந்த கொத்தனார், நாற்று நட்டும் களை பறித்தும் விரல் வெடித்த மகளிர், தோல் சுருங்கிய முதியோர். உழைப்பே இவர்களது ‘உடற்குறி’யை அழித்துவிட்டது. எழுதத் தெரியாமையால் ஒருகாலத்தில் கையெழுத்தினின்று விலக்குண்டவர்க்கு ஈடாக அமைந்தது கைரேகை. அதினின்றும் விலக்குண்டு, நியாயவிலைக் கடை வாயிலில் விரலைத் துடைத்துத் துடைத்து மீண்டும் வைப்பவர் இன்று அவர்களே. ‘பயோமெட்ரிக்’ என்பதற்கு ‘உயிரளவு’ முதலிய பெயர்கள் வழங்குகின்றன. இக்கருவிகள் உயிரை அளப்பனவல்ல. உடலிற் குறியைத் தேடுவன. ஆகலின் ‘உடற்குறி’ என்னும் சொல்லை இக்கட்டுரையில் ஆண்டோம். தற்குறி என்பதனோடு அது இயைந்து நிற்றலும் அதற்கொரு காரணம்.

ஆவணப் பதிவு அலுவலகங்களில் ஒரு செய்தி ஆராய்ச்சிக்குரியது. எழுத்தறியாதார் பத்திரத்தில் இடக்கைப் பெருவிரலை வைத்தவுடன், பத்திர எழுத்தரோ சான்று நிற்போரோ அவ்வச்சினருகே அது இன்னாருடைய இடதுகைப் பெருவிரல் ரேகை என எழுதிக் கையொப்பமிடுவர். கோடுகளின் ஒருமையை அறிவியல் நிறுவிய பின்னும் இவ்வெழுத்து மறையவில்லை. கல்வெட்டுக்களில் தற்குறிமாட்டெறிந்தோர் பெயர்கள், ஓலை ஆவணங்களிற் கீறலுக்குச் சான்றளித்தோர் பெயர்கள், இருபதாம் நூற்றாண்டுப் பத்திரங்களில் ரேகைக்குச் சான்றளித்தோர் பெயர்கள் ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் தொகுத்து, சான்றளித்தவர் எவ்வெவ்வூரினர், குறியிட்டார்க்கு உறவினரோ அயலாரோ, அவர்கள் கையாண்ட வாய்பாடு எங்ஙனம் மாறிற்று என ஆராய்தல் வேண்டும். தஞ்சை, மதுரை மாவட்டங்களின் கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து அத்தொகுப்பைத் தொடங்கலாம்.